பத்து எண்ணும் வரை

அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மகள் பிறந்த நாளிலிருந்து அவர் ரெஜினா அம்மாதான். பத்து வருஷமாக நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

எதைப் பார்த்தாலும் எண்ணுவார். மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்துக்கு நடுவே எத்தனை தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்று எண்ணுவார். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் விளக்குக் கம்பங்களை எண்ண ஆரம்பிப்பார். பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். நான் இரண்டு தும்மல் தும்மினால் மூன்றாவதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், வராவிட்டால் ஏமாந்துபோவார். வேடிக்கை என்னவென்றால், எண்ணிச் சொல்ல வேண்டிய ஜெபமாலையில் மட்டும் அவருக்கு எண்ணிக்கை தப்பும். பத்துக்குப் பதில் பன்னிரண்டு சொல்லிவிட்டு, "மாதா கோவிச்சுக்கவா போறா, கூடத்தான சொல்லியிருக்கேன்" என்பார்.

இந்தப் பழக்கம் கடலில் வந்தது. அவர் கடல்பாசி எடுக்கிறவர். தங்கச்சிமடத்துக்குத் தெற்கே அந்தக் கரையில் பாதிப் பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், வத்தை என்கிற சின்னப் படகில் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சடக்கி முங்கிப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து வருவார்கள். முங்குவதற்கு முன்னால் ஏழெட்டுத் தடவை ஊதி ஊதி மூச்சை இழுத்துவிடுவார்கள். அப்புறம் எண்ணிக்கைதான். எத்தனை எண்ணும்வரை உள்ளே இருக்கலாம் என்பது அவரவர் நெஞ்சைப் பொறுத்தது. ரெஜினா அம்மாவுக்கு ஐம்பத்தைந்து.

நான் ஆர்.எஸ்.மங்கலத்துக்காரி. கண்மாயில் கால் நனைத்ததோடு சரி, கடலென்றால் இன்றைக்கும் பயம். வேலை கிடைத்தபோது அந்தக் கரையில்தான் போட்டார்கள், தொடக்கப் பள்ளியில். நாலாம் வகுப்பு. வந்த ஆறே மாதத்தில் ஊருக்கே தெரிகிற மாதிரி ஒரு பெயர் எடுத்தேன்: கண்டிப்பான டீச்சர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வருகைப் பதிவு எடுக்கும்போது பெயர் சொன்ன உடனே "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வர வேண்டும். ரெஜினாவிடமிருந்து வராது. மூன்றாவது வரிசையில், என் கண்முன்னால் உட்கார்ந்திருப்பாள். கண் திறந்தே இருக்கும், இமை மட்டும் லேசாகத் துடிக்கும். நான் அடுத்த பெயரைச் சொல்லி, அதற்கடுத்த பெயருக்கும் போயிருப்பேன், அப்போது நிதானமாக "உள்ளேன் டீச்சர்" என்பாள். வகுப்பு சிரிக்கும். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். எதிரே இருக்கிறவளுக்கு 'வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதினேன். ஒரு நாள் அல்ல, எத்தனையோ நாள்.

ஒரு நாள் அவளை எழுப்பி, பாடத்தைக் கவனித்தாயா என்று கேட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை, கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"கவனிச்சேன் டீச்சர். நீங்கதான் குதிச்சுக் குதிச்சுப் பேசுறீக."

வாய்த்துடுக்கு என்று வெளியே நிறுத்தினேன். அப்புறம் அது வாடிக்கையாகிவிட்டது. மூன்றாம் வகுப்பிலும் அவளை வெளியேதான் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் வழக்கத்தை மாற்றவில்லை, அவ்வளவுதான். அவள் வராந்தாவில் தூணில் சாய்ந்து நிற்பாள். உள்ளே பெருக்கல் வாய்ப்பாடு நடக்கும்.

காலாண்டுத் தேர்வு முடிந்து அட்டை கொடுத்த மறுநாள் அந்த அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலையில் உப்புத் தண்ணீர் காயாமல், நேராகக் கடலிலிருந்து. கையில் அட்டை.

"நான் அனுப்புன நாளு அம்பத்தெட்டு டீச்சர். நீங்க நாப்பத்திநாலுன்னு போட்டிருக்கீக. மிச்சப் பதினாலு நாளு எம்பிள்ள எங்க போனா?"

தப்பு என்னுடையது என்று தெரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "உங்க பிள்ளை வகுப்பில் இருக்கிறதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்" என்றேன். என் வாயிலிருந்து வந்த சொற்களில் நான் திருப்பி வாங்கிக்கொள்ள நினைப்பது இது ஒன்றைத்தான்.

அவர் சண்டை போடவில்லை. "அப்ப நான் ஒரு நாளு பின்னால ஒக்காந்து பாக்குறேன்" என்றார். மறுநாள் கடலுக்குப் போகாமல் வந்தார். கடைசி வரிசையில், சின்னப் பிள்ளைகளின் பலகையில் முழங்காலை மடக்கிக்கொண்டு, காலை மணியிலிருந்து மாலை மணி வரை உட்கார்ந்திருந்தார். கையில் விரலில் சுற்றும் துணி ஒன்று நீளமாக. அவ்வப்போது அதில் ஒரு முடிச்சுப் போடுவார். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்‌ஷனா என்று என்னைக் கேலி செய்துவிட்டுப் போனார்.

மணி அடித்துப் பிள்ளைகள் ஓடிய பிறகு துணியை என் மேசையில் வைத்தார்.

"இருவத்திமூணு தடவ போயிட்டு வந்தா டீச்சர். எட்டு எண்ணுறதுக்குள்ள வந்துர்றா. கூடிப்போனா பத்து. வீட்டுல வேலையில பாக்காம விட்டுட்டேன். சும்மா நினைச்சுக்கிட்டு நிக்கிறான்னுதான் நானும் ரெண்டு வச்சிருக்கேன்."

அவர் சேலையை உதறினார்.

"நீங்க 'புரியுதா'ன்னு நாப்பத்தாறு தடவ கேட்டீக. யாரும் புரியலன்னு சொல்லல."

அந்த முடிச்சுத் துணியோடுதான் மதுரைக்குப் போனோம். "நீங்களும் வாங்க டீச்சர், டாக்டரு பேசுறது எனக்குப் பாதிதான் பிடிபடும்" என்று கூப்பிட்டார். குற்றவுணர்ச்சியில் போனேன். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் போனேன்.

டாக்டர் ரெஜினாவை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் முகத்துக்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்து, நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருக்கச் சொன்னார். விளையாட்டு என்று நினைத்து அவள் உற்சாகமாக ஊதினாள். காகிதம் படபடவென்று ஆடியது. ஒன்றரை நிமிஷம் இருக்கும். காகிதம் ஆடுவது நின்றது. அவள் கண் டாக்டரைத் தாண்டி எங்கோ நின்றது. இமை துடித்தது. பக்கத்தில் அந்த அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு உதட்டுக்குள் எண்ணுவதைப் பார்த்தேன். அவள் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து ஊத ஆரம்பித்த பிறகுதான் இவரும் மூச்சை விட்டார். மகள் போகும்போதெல்லாம் அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று நான் கேட்டதில்லை.

இதுவும் வலிப்புதான் என்றார் டாக்டர். கைகால் வெட்டாது, கீழே விழாது, சில விநாடிகள் அப்படியே நின்றுவிடும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் வரும், வேகமாக ஊதி ஊதி மூச்சு விட்டாலும் வரும். உலுக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, அவளே வந்துவிடுவாள். மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பிறகு அந்த அம்மா கேட்காமலேயே டாக்டர் சொன்னார்.

"பெரும்பாலும் பிள்ளைங்களுக்குப் பெரிசாகும்போது நின்னுடும்மா. பயப்படாதீங்க."

"பெரும்பாலும்னா எத்தன டாக்டர்? ஒரு கிளாஸ்ல நாப்பது பிள்ளைக இருந்தா, எத்தன பிள்ளைக்கு நிக்கும்?"

"உங்க பிள்ளைக்கு என்ன ஆகும்னு அப்படி எண்ணிச் சொல்ல முடியாதும்மா. சில பேருக்கு நிக்காது. சில பேருக்கு நின்ன மாதிரி இருந்துட்டு, பெரிய வலிப்பா மாறி வரும். படிப்புல பின்தங்காம பாத்துக்குங்க. தண்ணி, நெருப்பு பக்கம் தனியா விடாதீங்க."

திரும்பி வரும்போது பஸ் பரமக்குடி தாண்டியிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அம்புட்டுப் படிச்சவுக, ஒரு நம்பரு சொல்லத் தெரியலயே" என்றார்.

மறுநாளிலிருந்து என் வகுப்பில் ஒரு வழக்கம் வந்தது. ரெஜினா பெயரைக் கூப்பிட்டால் வகுப்பே பத்து வரை எண்ணும், சத்தமில்லாமல், விரல் மடக்கி. பத்துக்குள் "உள்ளேன் டீச்சர்" வந்துவிடும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பாடத்தின் நடுவே அவள் போனாலும் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பத்து எண்ணிக் காத்திருப்பேன். பிறகு விட்ட வரியைத் திரும்பச் சொல்வேன். இதைக் கேள்விப்பட்ட அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டிலும் அப்படியே செய்தார். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது போனாலும், சாப்பாட்டுத் தட்டோடு போனாலும், தொடமாட்டார். மூச்சை அடக்கி, பத்து. அவர் கணவர் கொல்லத்தில் விசைப்படகு வேலைக்குப் போய் வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவர். "எம்பொண்டாட்டி சிலுவை போடுறத மறந்தாலும் பத்த மறக்கமாட்டா" என்று ஒரு தடவை என்னிடம் சிரித்தார்.

மாத்திரை வேலை செய்தது. துணியில் முடிச்சு மாதாமாதம் குறைந்தது. ஒரு நாளைக்கு இருபத்து மூன்று என்பது பதினைந்தானது, ஆறானது, ஒன்றானது. பதினாலு வயதில் ஒரு மாதம் முழுக்க முடிச்சே இல்லாத துணியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, கூடவே ஒரு தூக்குச் சட்டி நிறைய நண்டுக் குழம்பும் வைத்தார். அவர் வாழ்க்கையிலேயே பூஜ்யத்தைப் பார்த்து சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் படிப்பு வரவில்லை. அவளுக்கு ஏழு நாலு இருபத்தெட்டு தெரியும், ஏழு ஒன்பது அறுபத்து மூன்று தெரியும், நடுவில் இருப்பது தெரியாது. எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வருவாள், திடீரென்று ஒரு எழுத்தை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். என்னை விட்டு வேறு பள்ளிக்குப் போன பிறகும் சாயங்காலங்களில் வரச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். எங்கே ஓட்டை என்று தெரிந்தால் அடைக்கலாம். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பத்தாம் வகுப்பில் மூன்று பாடத்தில் போய்விட்டது. மறுபடி எழுதினாள், மறுபடியும் போனது. வியாதி அவளை விட்டுப் போய்விட்டது, நான் வராந்தாவில் நிறுத்திய நாட்கள் போகவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லி அழுததில்லை. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதினாறு வயதில், இரண்டு வருஷம் ஒன்றுகூட வராமல் இருந்த பிறகு, டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அன்றைக்கும் ஊதச் சொன்னார். மூன்று நிமிஷம் முழுதும் காகிதம் ஆடியது. "நல்லா இருக்கா. ஆனா சில பேருக்குத் திரும்ப வரலாம், கவனமா இருங்க, தண்ணி விஷயம் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்" என்றார். அந்த அம்மா தலையை ஆட்டினார். டாக்டர் சொன்னதில் காகிதம் ஆடியதை மட்டும்தான் அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நண்டுச் சதை பிரிக்கிற கம்பெனியில் அவளை வேலைக்குச் சேர்த்தார்கள். இரண்டு மாதம் ஒழுங்காகப் போனாள். யாரோ பழைய கதையைச் சொல்லியிருக்கிறார்கள். கையில் கத்தியோடு 'வலிப்புக்காரி' பக்கத்தில் உட்காரமாட்டோம் என்று நாலு பேர் சொல்ல, நின்றுவிடச் சொன்னார்கள். ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள். பிறகு அம்மாவோடு பாசிக்குப் போக ஆரம்பித்தாள்.

சில மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, கேள்விப்பட்ட அன்று மாலையே ஓடினேன். அந்த அம்மா வாசலில் பாசி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கத்தினேன்.

"தனியா விடாதீகன்னு சொன்னாக. நான் கூட இருக்கேன்ல டீச்சர். அவ முங்கும்போது நான் முங்குறதில்ல. மேலே நின்னு எண்ணிக்கிட்டே இருப்பேன். அவளுக்கு முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சுக்கு மேல விடமாட்டேன்."

"முங்குறதுக்கு முன்னால ஊதி ஊதி மூச்சு இழுக்குறீங்களே. அதே ஊதுறதுதானே டாக்டர் ரூமில்..."

"அதுக்குத்தான இங்கனயே ஊதிப் பாக்குறேன்" என்றார் அமைதியாக. "நாளைக்குக் காலையில வந்து பாருங்க."

போனேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து மகளின் முகத்துக்கு முன்னால் பிடித்தார். ரெஜினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஊதினாள். அந்த அம்மா எண்ணினார், நூற்று எண்பது வரை, ஒரே சீராக. தாள் ஒரு கணம்கூட நிற்கவில்லை. முடிந்ததும் அதை மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார். டப்பா முக்கால்வாசி நிரம்பியிருந்தது. கடலுக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள்.

உண்மையைச் சொன்னால், எனக்கு ஆறுதலாக இருந்தது. இத்தனை வருஷத்தில் மகள் விஷயத்தில் அந்த அம்மாவின் எண்ணிக்கை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. டாக்டரின் 'பெரும்பாலும்' என்ற சொல்லைவிட அந்த டப்பாவை நம்புவது சுலபமாக இருந்தது. தினமும் கரையில் தேறிவிட்டால் அன்றைக்குக் கடலிலும் தேறிவிடுவாள் என்று அவர் நினைத்தார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரெஜினா சந்தோஷமாக இருந்தாள். கறுத்து, தோள் அகன்று, விரலெல்லாம் கீறலாக ஒரு நாள் கடைத்தெருவில் எதிரே வந்தாள். எப்படி இருக்கிறது வேலை என்று கேட்டேன்.

"உள்ள நல்லாருக்கும் டீச்சர். எதுவும் குதிக்காது. ஒரே நீட்டா இருக்கும்."

பள்ளிக்கூடத்தில் நான் அவளுக்குக் கொடுக்காத ஒன்றைக் கடல் கொடுத்துவிட்டது என்று பொறாமையாகக்கூட இருந்தது.

சென்ற பங்குனியில், அமாவாசைக்கு மறுநாள், அது நடந்தது. நான் அங்கே இல்லை. அந்த அம்மா எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னார், ஆஸ்பத்திரி வராந்தாவில், என் கையைப் பிடித்துக்கொண்டு. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"காலையில ஊதுனா டீச்சர். நூத்தியெம்பதும் ஊதுனா. தாளு நிக்கல. வெயிலேற நாலஞ்சு தடவ முங்கி எந்திரிச்சா. அடுத்த தடவ மூச்ச இழுத்து விட்டுட்டு, என்னயப் பாத்துச் சிரிச்சுட்டுத்தான் போனா. நான் எண்ணுறேன். முப்பது. முப்பத்தஞ்சு. எந்திரிக்கல. போயிட்டா, பத்து எண்ணுனா வந்துருவான்னு..."

அங்கே நிறுத்தினார்.

"மனசு தானா ஒண்ணுலருந்து ஆரம்பிச்சிருச்சு டீச்சர். மூச்ச அடக்கிக்கிட்டு நின்னேன். வீட்டுல நிக்கிற மாதிரி. தண்ணிக்குள்ள கெடக்கான்றது ஓடல. பத்து வந்துச்சு, அவ வரல. அதுக்கப்புறந்தான் பாஞ்சேன். கலங்கலாக் கெடந்துச்சு. ரெண்டு தடவ முங்கியும் அகப்படல. மூணாவது தடவதான் கையில தட்டுப்பட்டா."

வத்தையில் கிடத்தி, வயிற்றை அமுக்கி, வாயில் ஊதி, மற்றப் பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டே கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மூச்சு வந்துவிட்டது. அவ்வளவுதான் வந்தது. அந்தப் பத்து எண்ணிக்கைக்கு முன்னாலேயே பாய்ந்திருந்தால் பிள்ளை முழுசாகத் திரும்பியிருப்பாளா என்று டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. பத்து எண்ணிக் காத்திருப்பது டாக்டர் சொன்னதல்ல, என் வகுப்பில் பிள்ளைகள் விரல் மடக்கி விளையாடியது என்பதையும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது ரெஜினா வீட்டில்தான் இருக்கிறாள். கட்டிலில். மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கண் திறந்தே இருக்கும். கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், இமை எப்போதாவது லேசாகத் துடிக்கும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தபோது நான் தினமும் பார்த்த அதே முகம்தான். திரும்பி வருவாளா என்று கேட்டதற்கு, பெரும்பாலும் என்ற சொல்லை இந்தத் தடவை எந்த டாக்டரும் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில் போகிறேன். ஆரஞ்சு வாங்கிப் போவதில்லை, அவளால் எதையும் தின்ன முடியாது. போய்த் துணி துவைத்துக் கொடுப்பேன், அல்லது சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த அம்மா இப்போது கடலுக்குப் போவதில்லை. ஒரு நாள் நான் அடுத்தடுத்துத் தும்மினேன். மூன்று, நாலு. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன். பேச்சில் ஒரு எண்ணும் வருவதில்லை. எத்தனை தடவை புரட்டினீர்கள் என்று கேட்டால் "பொரட்டுனேன்" என்பார். எத்தனை மாதம் ஆகிறது என்று யாராவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார்.

"எண்ணுறத விட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மகளின் உள்ளங்கையை விரித்துத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எண்ணுனா ஒரு எடத்துல நிக்கணும்ல டீச்சர். இத எங்கன கொண்டு நிப்பாட்ட?"

சென்ற சனிக்கிழமை கிளம்பும்போது வாசல் வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கமாட்டீகளே. நானும் கூப்பிட்டுப் பாத்துட்டேன், அவுகப்பாவும் கூப்பிட்டுப் பாத்துட்டாக. நீங்க ஒரு தடவ கூப்பிடுங்க. வகுப்புல கூப்பிடுற மாதிரி. உங்க சத்தத்துக்குத்தான் அவ எப்பவும் வருவா."

உள்ளே வந்தேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். கையில் பதிவேடு இல்லாமல் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நாலாம் வகுப்பில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டேன்.

"ரெஜினா."

அந்த அம்மா மூச்சை அடக்கிக்கொண்டார். எனக்குத் தெரிந்தது. நானும் அடக்கிக்கொண்டேன். அவர் உதடு அசைய ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு. என் விரல்கள் சேலை மடிப்புக்குள் தானாக மடங்கின. எட்டு. ஒன்பது. பத்து. காற்றாடி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா மூச்சை விடாமலேயே என்னைப் பார்த்தார்.

"அடுத்த பேருக்குப் போயிறாதீக டீச்சர்" என்றார். "இன்னொரு தடவ கூப்பிடுங்க."

கூப்பிட்டேன்.